பழைய ஜெட்டைக் கையோடு கொண்டு போங்கள்: ஒரு கேஸ் அடுப்பைச் சரிசெய்த கதை

எங்கள் வீட்டுக் கண்ணாடி மேல்தட்டு அடுப்புக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. மூன்று பர்னர், லைட்டர் வைத்துப் பற்றவைக்கும் சாதாரண ரகம். செய்த கம்பெனி இந்த மாடலைக் கைவிட்டு ரொம்ப நாளாகிறது. சர்வீஸுக்கு போன் போட்டால் "எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போகுது சார், புதுசு எடுத்துக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உடம்பு துருப்பிடிக்கவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கோளாறு என்று பார்த்தால் மூன்று. பெரிய பர்னர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்து அடியெல்லாம் கரி. வலதுபக்க பர்னரின் நாப்பைத் திருப்ப மல்லுக்கட்ட வேண்டும். அடுப்புக்குப் பின்னால் குனிந்தால் லேசாக கேஸ் வாடை.

இதில் வாடைதான் முதலில். மற்ற இரண்டும் தொந்தரவு, இது ஆபத்து. சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது; கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன், பியூட்டேன் இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்த கேஸ் மேலே எழும்பிப் போகாமல் தரையோடு தவழ்ந்து மேடைக்கு அடியிலும் மூலையிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு போலக் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் "எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு விரட்டிடலாம்" என்கிற யோசனை இரட்டைத் தப்பு. கேஸ் கிடப்பது கீழே, ஃபேன் இருப்பது மேலே. அது போக, ஸ்விட்சைத் தட்டும்போது உள்ளே தெறிக்கும் பொறி ஒன்று போதும்.

குப்பென்று வாடை அடித்தால் பழுதுபார்க்கும் வேலையே கிடையாது. நாப்களை மூடி, ரெகுலேட்டரை அணைத்து, முடிந்தால் கழற்றி, நூல் கட்டித் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் மூடியை சிலிண்டர் வாயில் போட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பிறகு போனை எடுத்து 1906-ஐ அழைக்கலாம்; கேஸ் கசிவுக்கென்றே நாடு முழுவதும் இருக்கிற அவசர எண் அது.

எங்கள் வீட்டில் இருந்தது குனிந்தால் மட்டும் தெரிகிற வாடை. ஜன்னல்களைத் திறந்து வைத்து, மூன்று நாப்களும் மூடியிருக்கின்றன என்று உறுதி செய்துகொண்டு, ரெகுலேட்டரை மட்டும் திறந்தேன். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கொஞ்சம் தண்ணீரில் அடித்து நுரையாக்கி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டு வந்தேன். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரில் டியூப் ஏறும் இடம், டியூப்பின் முழு நீளம், கடைசியில் டியூப் அடுப்பில் ஏறும் நிப்பிள். அவசரப்படாமல் ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்க்க வேண்டும். நிப்பிளுக்குப் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கத்தில், கடுகளவு ஒரு குமிழி எழும்பி உடைந்தது. அதே இடத்தில் மறுபடி ஒன்று. தீக்குச்சியைக் கிழித்துக் காட்டிக் கசிவு பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வீட்டுக்குள் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

டியூப்பைக் கழற்றி நுனியை மடக்கிப் பார்த்தால் வெளி ரப்பரில் மெல்லிய வெடிப்புகள். ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பின் மேலேயே தேதி அச்சாகியிருக்கும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்களுடையது கெடு தாண்டியிருந்தது. இதை மட்டும் கடைவீதியில் வாங்காமல் கேஸ் ஏஜென்சியிலேயே வாங்கினேன். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் அதன் மேல் இருக்கும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நடுவில் ஒட்டுப்போடுவதோ, சிலிண்டரைப் பக்கத்து அறையில் வைத்துச் சுவரில் ஓட்டை போட்டு டியூப்பை இழுத்து வருவதோ கூடவே கூடாது. மாட்டும்போது நிப்பிளின் வரிகள் எல்லாம் மறையும்வரை உள்ளே தள்ள வேண்டும். இறுக்கமாக இருந்தால் நுனியை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். எண்ணெய் தடவி ஏற்றினால் அதே வழுக்கலில் ஒருநாள் கழன்று வரவும் செய்யும்.

சிலிண்டர் பக்கம் குமிழி வந்தால் கதை வேறு. அநேகமாக வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் கிழிந்திருக்கும், இல்லை காணாமல் போயிருக்கும். அதை நாமே ஊக்கால் நோண்டக் கூடாது. மூடியைப் போட்டுவிட்டு ஏஜென்சியைக் கூப்பிட வேண்டும். புது சிலிண்டர் வரும்போதே டெலிவரி செய்பவரை நிறுத்திச் சோதித்துக் காட்டச் சொன்னால் இந்தத் தலைவலி வராது. ரெகுலேட்டரும் அப்படித்தான். டெபாசிட் கட்டி வாங்கியது, பழுது என்றால் ஏஜென்சியில்தான் மாற்ற வேண்டும். திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆர்வத்தை வேறு எதிலாவது காட்டலாம்.

அப்புறம் மஞ்சள் தீ.

இரண்டு மூன்று பர்னர் உள்ள அடுப்பில் பழுதுபார்ப்பவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கெட்டுப்போன பகுதிக்குப் பக்கத்திலேயே நல்லபடி வேலை செய்கிற அதே மாதிரிப் பகுதி இருக்கிறது. எதையும் வாங்குவதற்கு முன்னால் அதை வைத்து ஒப்பிட வேண்டும், மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நடப்பது தலைகீழ்: மஞ்சளாக எரிகிறதா, புது பர்னர் வாங்கு, அப்படியும் எரிகிறதா, டியூப்பை மாற்று, கடைசியில் அடுப்பையே மாற்று. மூன்று பர்னரும் ஒன்றாக மஞ்சளடித்தாலோ சோர்ந்து எரிந்தாலோ குற்றம் அடுப்பில் இல்லை. சிலிண்டர் தீரும் நேரமாக இருக்கலாம், டியூப் மடிந்திருக்கலாம், ரெகுலேட்டர் தளர்ந்திருக்கலாம். ரெகுலேட்டர் வெளியே விடவேண்டிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம், அதாவது 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்குகிற அளவு. நல்ல மெக்கானிக்குகள் வளைந்த குழாயில் தண்ணீர் ஊற்றிய ஒரு மானியை வைத்தே இதை அளந்து சொல்லிவிடுவார்கள். எங்கள் அடுப்பில் மற்ற இரண்டு பர்னரும் நீலமாக, சீறலின்றி எரிந்தன. ஆக சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் மூன்றும் கழிந்தது. பெரிய பர்னரின் தலை, காற்றும் கேஸும் கலக்கும் மிக்ஸிங் டியூப், கேஸ் பீறிட்டு வரும் ஜெட் இந்த மூன்றுக்குள்தான் கோளாறு.

ரெகுலேட்டரை மூடி, ஒரு பர்னரைத் திறந்து டியூப்பில் மிச்சமிருந்த கேஸை எரித்துத் தீர்த்தேன். தீ தானாக அணைந்ததும் நாப்பை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி சிலிண்டருக்கு மூடி போட்டாயிற்று. அடுப்பு நன்றாக ஆறவேண்டும். ஸ்டாண்டு, பர்னர் தலை, அடித்தட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தடித்த போர்வையின் மேல் அடுப்பைக் கவிழ்த்தேன். ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது.

மிக்ஸிங் டியூப் என்பது ஜெட்டுக்கும் பர்னர் தலைக்கும் நடுவே இருக்கும் அலுமினிய வார்ப்புக் குழாய். ஜெட்டிலிருந்து பீறிட்டு வரும் கேஸ், பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது. அந்தக் காற்று குறைந்தால் கேஸ் முழுசாக எரியாது. எரியாத கரித்துகள் சூடாகி ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். எங்கள் குழாயின் காற்றுத் திறப்பில் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து தடித்துக் கிடந்தன. உள்ளே என்றோ பொங்கி வழிந்த பால் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷும் வெந்நீரும் சோப்பும் போதும். பர்னர் தலையை ஊறவைத்து, அடைந்த துளைகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டேன். கழுவிய பிறகு வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் தீ விட்டுவிட்டு எரிந்து நம்மைத் தேவையில்லாமல் குழப்பும். கொஞ்ச நாள் உபயோகிக்காத அடுப்பென்றால் இந்தக் குழாய்க்குள் சிலந்தி வலையோ குளவிக்கூடோ இருக்கவும் வாய்ப்பு உண்டு.

மாட்டிப் பற்றவைத்தேன். முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் நுனிகள் இன்னும் மஞ்சள்தான். தீ தேவைக்கு மேல் உயரமாகவும் இருந்தது. காற்று சரியாக வந்தும் மஞ்சள் என்றால் கேஸ் அதிகமாக வருகிறது என்று அர்த்தம். மறுபடி அதே முறையில் மூடிக் கழற்றி, ஜெட்டுக்குப் போனேன்.

ஜெட் என்பது சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன, ஆறுபட்டைப் பித்தளைத் திருகு. நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. கேஸின் அளவைத் தீர்மானிப்பது அதுதான். மூன்று ஜெட்டையும் கழற்றி, எது எந்த பர்னருடையது என்று தாளில் எழுதி அதன் மேலேயே வைத்து, செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டில் துளை சுத்தமான வட்டம். பெரிய பர்னருடையதில் வட்டம் ஒரு பக்கம் இழுபட்டு, விளிம்பில் பளபளவென்று புதுக் கீறல். போன மழைக்காலத்தில் தீ சின்னதாக வருகிறது என்று வந்துபோன ஒரு மெக்கானிக் தடித்த ஊசியை விட்டுக் குடைந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தீ பெரிதானதும் எல்லோருக்கும் சந்தோஷம். துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு அகன்றால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும், கேஸும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் கூடும். காற்றுத் திறப்போ பழைய கணக்குக்குச் செய்தது. பர்னர் தலையின் துளைகளை ஊசியால் குத்தலாம், ஜெட்டைக் குத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஜெட் அடைத்திருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பின்பக்கமிருந்து காற்றடித்து ஊதினாலே பெரும்பாலும் திறந்துவிடும்.

இனி உதிரிப் பாகம் தேடும் படலம். முதலில் இணையத்தில் தேடினேன். மாடல் பெயரைப் போட்டால் "எல்லா அடுப்புக்கும் பொருந்தும்" என்று நூறு பொருள் வந்து நிற்கிறது. கேஸ் அடுப்பு விஷயத்தில் "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் எதற்கும் சரியாகப் பொருந்தாது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஸ்டாண்டு, அடித்தட்டு மாதிரி கேஸோடு சம்பந்தமில்லாதவற்றை வேண்டுமானால் அளவு பார்த்து அப்படி வாங்கலாம். ஜெட், காக் (நாப்புக்குப் பின்னால் கேஸைத் திறந்து மூடும் வால்வு), பர்னர் தலை இவையெல்லாம் பழையதையும் புதியதையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டியவை.

திருச்சி பெரிய கடை வீதிப் பக்கம் ஒரு சந்தில் அடுப்பு, குக்கர் சாமான் மட்டுமே விற்கிற கடை இருக்கிறது. கதவு அகலத்துக்குத்தான் கடை. உள்ளே கூரைவரை மர டப்பாக்கள். நான் மாடல் எண்ணைச் சொல்ல ஆரம்பித்ததும் கடைக்கார பாய் கையை நீட்டினார்.

"நம்பரெல்லாம் எதுக்கு சார்? பழசு கொண்டாந்தீங்களா?"

காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஜெட்டை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஊசி போட்டிருக்காங்க" என்றார், டாக்டர் மாதிரி. "சிலிண்டரா, பைப் கேஸா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத கடையில் ஜெட் வாங்கக் கூடாது. குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அதன் அழுத்தமும் குறைவு, ஒரே அளவு வாயுவில் கிடைக்கும் வெப்பமும் குறைவு. அதனால் அதற்கான ஜெட்டில் துளை பெரிது. அதைக் கொண்டுவந்து சிலிண்டர் அடுப்பில் மாட்டினால் தீ முழம் உயரத்துக்கு மஞ்சளாக எழும்பும். குழாய் இணைப்புக்கு மாறுகிறவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, பழைய ஜெட்டையே விட்டால் தீ சுணங்கும். கடையில் இரண்டு ரகமும் அடுத்தடுத்த டப்பாவில்தான் கிடக்கின்றன.

பாய் எடுத்துக் கொடுத்த ஜெட்டின் மரை, உயரம், ஸ்பேனர் பிடிக்கும் பட்டை அளவு, முகப்பில் அடித்திருந்த எண் எல்லாவற்றையும் பழையதோடு சரிபார்த்தேன். மரையை அங்கேயே ஒரு பழைய காக்கில் கையாலேயே ஏற்றிக் காட்டினார். விரலால் ஏறவேண்டும், ஸ்பேனர் போட்டால்தான் ஏறுகிறது என்றால் அது வேறு மரை.

போனதோடு ஒரு பர்னர் தலையும் பார்த்தேன். எங்களுடையதன் அடி விளிம்பு தேய்ந்து, மிக்ஸிங் டியூப் மேல் வைத்தால் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கு வழியாகத் தீ அடியில் எட்டிப் பார்க்கும். பித்தளை பர்னர் என்று சொல்லி மஞ்சள் முலாம் பூசிய வெள்ளை உலோகத்தைத் தலையில் கட்டுகிற இடங்கள் உண்டு. கையில் எடுத்தாலே கனம் காட்டிக்கொடுக்கும். சந்தேகமென்றால் அடிப்பக்கம் சாவியால் ஒரு கீறு. உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. பாய் கோபித்துக்கொள்ளவில்லை. அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இறுகிப்போன நாப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அதிகம் பேர் கைவைத்துக் கெடுத்துக்கொள்வது இதில்தான். பிளாஸ்டிக் நாப்பை இழுத்தால் வந்துவிடும். அதன் பின்பக்கக் குழி ஆங்கில 'டி' எழுத்து வடிவில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தக் குழி வெடித்திருந்தால் நாப் மட்டும் சுற்றும், உள்ளே இருக்கும் தண்டு முழுசாகத் திரும்பாது. நாப் 'மூடியாச்சு' என்று காட்டும், கேஸோ மெல்லிசாக வந்துகொண்டிருக்கும். வெடித்த நாப்பை கம் போட்டு ஒட்டாமல் உடனே மாற்றிவிடுவதே நல்லது. விலையும் ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் முடிந்துவிடும். எங்கள் நாப் நன்றாகத்தான் இருந்தது. இறுக்கம் காக்கில்.

காக்குக்குள் கூம்பு வடிவப் பித்தளை அடைப்பான் ஒன்று ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். கேஸை நிறுத்துவது அந்தக் கூம்பும் அதன் கூடும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும் பரப்புதான். நடுவில் மெல்லிய கிரீஸ் படலம் இருக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து கிரீஸ் காய்ந்துவிட்டால் திருப்ப முடியாது. இதற்கென்று தனி கிரீஸ் இருக்கிறது, சூட்டில் உருகாது, கேஸில் கரையாது. தேங்காயெண்ணெயும் வாசலினும் இரண்டு வாரத்துக்கு வேலை செய்கிற மாதிரி தெரியும், அப்புறம் முன்னைவிட மோசமாக இறுகும் அல்லது கசியும். கிரீஸை அள்ளி அப்பினாலும் கூம்பின் துளை அடைந்து தீ குறையும். இன்னொன்று, ஒவ்வொரு கூம்பும் தன் கூட்டோடு சேர்த்துத் தேய்த்துப் பொருத்தியது. இடது காக்கின் கூம்பை வலது காக்கில் போட்டால் கசிவு நிச்சயம். பக்கத்து பர்னரோடு மாற்றிப் பார்க்கும் என் வித்தை செல்லாத ஒரே இடம் இதுதான்.

பாயிடம் கிரீஸ் போட்டுத் தரச் சொல்லலாமா என்று யோசித்தேன். "போடலாம் சார். ஆனா பத்து வருஷ காக்கு, உள்ள கோடு விழுந்திருக்கும்" என்றார். புதிதாகவே வாங்கிவிட்டேன். அதிலும் நிறைய ரகம். கண்ணாடி அடுப்புக்கும் ஸ்டீல் அடுப்புக்கும் தண்டின் நீளம் வேறு. ஜெட் நேராக இருக்கிறதா சாய்வாக இருக்கிறதா என்பதும், தானாகப் பற்றவைக்கும் வகையா என்பதும் பார்க்க வேண்டும். பழையதைக் கழற்றி எடுத்துப் போயிருந்ததால் இதெல்லாம் நிமிஷத்தில் முடிந்தது. பொருத்துவதை அந்தக் கடைக்கு வேலை செய்யும் மெக்கானிக்கிடம் விட்டேன். காக் உட்காரும் இடத்து வாஷரைப் புதிதாக மாற்றி, இரண்டு திருகாணியையும் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முதலில் முழுசாக இறுக்கினால் வாஷர் கோணிக்கொள்ளும். அவர் முடித்ததும் அவர் முன்னாலேயே நான் சோப்பு நுரை தடவினேன். அதில் கோபப்படுகிற மெக்கானிக்கை மறுபடி கூப்பிட வேண்டியதில்லை. இவர் தானே டார்ச் அடித்துக் காட்டினார்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே சென்னையிலிருந்து அக்கா போன். அவள் வீட்டில் மேடையில் பதித்த ஹாப், நான்கு பர்னர். "டேய், அமுக்கிப் பிடிச்சா எரியுது, கையை எடுத்தா பொசுக்குனு அணைஞ்சிடுது. ஒரே ஒரு பர்னர்தான். ஆள் வந்து பார்த்துட்டு மொத்த வால்வும் மாத்தணும்கிறான்."

அது அணைவது ஒருவகையில் நல்ல குணம். அந்த ரக ஹாபில் ஒவ்வொரு பர்னர் ஓரமும் பென்சில் நுனி மாதிரி ஒரு சின்னக் கம்பி நிற்கும், அதுதான் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் அந்த நுனி தீயில் சூடானால் இருபது முப்பது மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கும். அவ்வளவு சொற்ப மின்சாரம் வால்வுக்குள் இருக்கும் ஒரு காந்தத்தைப் பிடித்து நிறுத்தும். பால் பொங்கித் தீ அணைந்தால் நுனி ஆறும், காந்தம் விடும், கேஸ் தானாக நின்றுவிடும். வால்வைத் திறக்கும் வலு அந்தக் காந்தத்துக்குக் கிடையாது, திறந்ததைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடியும். நாம் முதலில் அமுக்கித் திறந்து, நுனி சூடாகும்வரை சில நொடிகள் பிடிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

நுனியைத் துடைக்கச் சொன்னேன். குழம்பு சிந்திக் கருகிய பொருக்கு இருந்தால் சூடு ஏறாது. ஆறிய பிறகு மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். தீ அந்த நுனியை நன்றாகத் தழுவுகிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். பர்னர் மூடி கோணலாக உட்கார்ந்தால் தீ விலகிப்போய்விடும். இரண்டும் சரியாக இருந்தும் அணைந்தது. அடுத்த சனிக்கிழமை போனபோது கேஸை மூடி, கண்ணாடியைத் தூக்கி, கெட்ட பர்னரின் தெர்மோகப்பிளைப் பக்கத்து பர்னரின் வால்விலும், பக்கத்து பர்னருடையதை இதிலுமாக மாற்றிச் செருகினேன். பர்னர்களைப் பற்றவைத்துப் பார்த்தால், இப்போது பக்கத்து வால்வு பிடிக்கவில்லை, கெட்டதாகச் சொல்லப்பட்ட வால்வு பிடித்துக்கொண்டது. வால்வு நல்லபடியாகத்தான் இருக்கிறது, போனது தெர்மோகப்பிள். கோளாறு வால்வோடேயே தங்கியிருந்தால் காந்தத்தின் மேல் சந்தேகப்பட்டிருக்கலாம். முழு வால்வுக்குச் சொன்ன விலையில் ஒரு சின்னப் பங்குதான் இதற்கு ஆயிற்று.

தெர்மோகப்பிள் வாங்கும்போதும் பழையதுதான் அளவுகோல். கம்பியின் நீளம், நுனிக்குக் கீழே உள்ள வளையத்தின் இடம், மறுமுனை செருகும் தகடா மரையுள்ள நட்டா, நட்டென்றால் எட்டு மில்லியா ஒன்பது மில்லியா என்று எல்லாம் பார்க்க வேண்டும். மரை வகையென்றால் கையால் ஏற்றி, கடைசியில் ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். கம்பியைக் கூர்மையாக மடக்கக் கூடாது. பாகம் கிடைக்கவில்லை என்று சொல்லி இந்தப் பாதுகாப்பையே கழற்றிவிட்டு "இப்ப பாருங்க, பிடிக்கவே வேணாம்" என்று பெருமையாகக் காட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள். வயசான அத்தை இருக்கிற வீடு அது. அக்காவிடம் அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திரும்ப எங்கள் அடுப்புக்கு. எல்லாம் மாட்டிய பிறகு மறுபடி முதலிலிருந்து சோப்பு நுரை: சிலிண்டர் வாய், டியூப்பின் இரண்டு முனை, காக்குகள் உட்காரும் குழாய். குமிழி எங்கும் இல்லை. பெரிய பர்னரைப் பற்றவைத்தேன். உள்ளே கூர்மையான நீலக் கூம்புகள், வெளியே மங்கலான நீலம், சுற்றிவர ஒரே உயரம். இதில் இன்னும் இரண்டு குறிகளைக் கவனிக்க வேண்டும். தீ பர்னரை விட்டு எகிறி, காற்றடிப்பது மாதிரி இரைந்தால் காற்றோ அழுத்தமோ அதிகம். அணைக்கும்போது "டப்" என்று உள்ளே அடித்தால், அல்லது தீ மிக்ஸிங் டியூப்புக்குள்ளேயே போய் எரிந்தால், தலை சரியாக உட்காரவில்லை அல்லது காற்று-கேஸ் கணக்கு தவறுகிறது. உடனே மூடி, ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். சிம்மில் வைத்து, சமையலறைக் கதவைச் சட்டென்று சாத்தியும் திறந்தும் பார்த்தேன், அணையவில்லை. வலதுபக்க நாப் இப்போது இரண்டு விரலில் திரும்புகிறது. அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம். மஞ்சள் தீயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கரி தேய்க்கிறவள் நானில்லையே என்கிறார்.

டியூப், ஜெட், பர்னர் தலை, காக், வாஷர், மெக்கானிக் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்தைத் தொடவில்லை. டியூப்பை மாற்ற வேண்டிய அடுத்த தேதியை மேடைக்கு அடியில் இருக்கும் கதவின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவைத்தேன். ஏஜென்சிக்காரர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய பரிசோதனைக்கும் அதே தேதியைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். குடைந்த ஜெட்டை இடுக்கியால் நசுக்கித்தான் குப்பையில் போட்டேன், பித்தளைச் சாமானைப் பொறுக்கி மறுபடி மாட்ட நம் ஊரில் ஆளுக்குக் குறைவில்லை. கண்ணாடி உடைந்திருந்தால் மட்டும் இந்த அடுப்பைக் காப்பாற்றியிருக்க முடியாது. கடினமாக்கிய கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்டவோ துளைபோடவோ முடியாது, கைவைத்தால் பொடிப்பொடியாகிவிடும். அதனால் தெருமுனைக் கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து வாங்குவதும் நடக்காது. சாதாரணக் கண்ணாடியை அந்த இடத்தில் பொருத்தலாமா என்று கேட்கிறவர்களுக்கு, அதற்கு மட்டும் அந்த எக்ஸ்சேஞ்ச் ஆஃபரையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.